சம்மர் லீவுல ஒரே நாள்ல ரைடு பார்க், வாட்டர் பார்க் ரெண்டும் முடியுமா? 4 வயசு வாண்டு கூட வருது

கடைக்குட்டி_அம்மா:

வணக்கம். இத்தனை நாளா சத்தமில்லாம படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குத்தான் முதல் தடவையா வாயத் திறக்குறேன். பசங்களுக்கு லீவு விட்டாச்சு. பெரியவனுக்கு 9, சின்னவளுக்கு 4. போன வருஷமே கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி ஏமாத்தியாச்சு, இந்த வருஷம் தப்பிக்க வழியில்ல, காலண்டர்ல அவனே தேதிக்கு வட்டம் போட்டு வச்சிருக்கான். சிட்டிக்கு வெளிய இருக்கிற பெரிய பார்க், ஒரே காம்பவுண்டுக்குள்ள ஒரு பக்கம் ரோலர் கோஸ்டர் ஜெயன்ட் வீல் எல்லாம், இன்னொரு பக்கம் வாட்டர் பார்க், ரெண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்.

கேக்க வேண்டியது நிறைய இருக்கு, கோவிச்சுக்காதீங்க. முதல்ல தண்ணியா ரைடா? சின்னவளுக்கு கையில மாட்டுற காத்தடிச்ச ட்யூப் வாங்கி வச்சிருக்கேன், அத மாட்டிட்டு, மெஷின் வச்சு அலை கிளப்புற வேவ் பூல்ல விடலாமா? எனக்கு பவர் மைனஸ் 5, கண்ணாடி இல்லாட்டி எதிர்ல நிக்கிறது என் புள்ளையா அடுத்தவங்க புள்ளையான்னே தெரியாது, அதனால கான்டாக்ட் லென்ஸ் போட்டுட்டு தண்ணில இறங்கலாம்னு நினைச்சேன், சரியா? கூட மாமியாரும் வராங்க, 66 வயசு, பிபி மாத்திரை சாப்பிடுறாங்க. அந்தத் தண்ணி எவ்ளோ சுத்தம்னும் ஒரு பயம், ஆயிரம் பேர் இறங்குற தண்ணியாச்சே. இதுல எங்க வீட்டுக்காரர் வேற, காசு குடுத்து டிக்கெட் எடுத்தாச்சுன்னா ஒண்ணு விடாம எல்லாத்துலயும் ஏறிட்டுத்தான் வெளிய வரணும்னு இப்பவே மேப்ப பிரின்ட் எடுத்து நம்பர் போட்டுட்டு இருக்காரு.

தண்ணிப்பாம்பு:

உங்க பிரச்சனைக்கு தீர்வு ரொம்ப சிம்பிள் சிஸ்டர். மேப்பையும் அத வச்சிருக்கிறவரையும் வீட்டுல விட்டுட்டுப் போங்க.

முன்னாள்_விசில்:

மேல இருக்கிறவர் விளையாட்டா சொன்னாலும் விஷயம் அதுலதான் இருக்கு. காலேஜ் படிக்கும்போது ரெண்டு சம்மர் ஒரு வாட்டர் பார்க்குல லைஃப்கார்டா நின்னவன் நான். நான் பார்த்த வரைக்கும் ஸ்லைடுல அடிபட்டவங்கள விட, குடுத்த காசுக்கு எல்லாத்தையும் பார்த்துடணும்னு மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல குடும்பத்தோட ஓடி, யாராவது ஒருத்தர் சுருண்டு விழுந்த கதைதான் அதிகம்.

முதல்ல அந்த கை ட்யூப். தயவுசெஞ்சு அத நம்பி புள்ளைய தண்ணில விடாதீங்க. அது விளையாட்டுச் சாமான், உயிர் காக்கிற சாமான் இல்ல. குழந்தை கைய மேல தூக்கினா வழுக்கிட்டுக் கழண்டு வந்துடும், எங்கயாவது சின்ன ஓட்டை விழுந்தா தெரியவும் தெரியாது. அதவிடப் பெரிய கெடுதல், தனக்கு நீச்சல் தெரியும்னு குழந்தை நம்பிடும், அம்மாவும் நம்பிடுவாங்க. லைஃப் ஜாக்கெட் போடுங்க, பார்க்குலயே குடுப்பாங்க, வெயிட்டுக்கு ஏத்த அளவு கேட்டு வாங்குங்க. மாட்டின உடனே தோள்பட்டை ரெண்டையும் புடிச்சு மேல தூக்கிப் பாருங்க, ஜாக்கெட் ஏறி காதுகிட்ட வந்துச்சுன்னா அது லூசு, வேற கேளுங்க. ஜாக்கெட் போட்டாலும் நீங்க கை எட்டுற தூரத்துலதான் நிக்கணும். கண்ணு எட்டுற தூரம் இல்ல, கை எட்டுற தூரம்.

தண்ணில மூழ்குறவங்க சினிமால வர்ற மாதிரி கைய ஆட்டி காப்பாத்துங்கன்னு கத்த மாட்டாங்க. மூச்சு விடவே வாய் தண்ணிக்கு மேல வர மாட்டேங்குது, கத்துறதுக்குக் காத்து எங்க இருக்கு? தலை பின்னாடி சாஞ்சிருக்கும், வாய் தண்ணி மட்டத்துல போய்ப் போய் வரும், கை ரெண்டும் பக்கவாட்டுல தண்ணிய அமுக்கிட்டு இருக்கும், தூரத்துல இருந்து பார்த்தா விளையாடுற மாதிரியே தெரியும். முழுசா முங்குறதுக்கு மொத்தமே 20ல இருந்து 60 செகண்டுதான், குட்டிப் பசங்கன்னா அந்த 20 பக்கம். எங்களுக்கு சொல்லிக் குடுத்தது 10/20னு ஒரு கணக்கு, 10 செகண்டுக்குள்ள நம்ம ஏரியா முழுக்க ஒரு தடவ கண் ஓட்டி முடிக்கணும், ஆபத்துன்னு தெரிஞ்சா அடுத்த 20 செகண்டுக்குள்ள ஆள்கிட்ட போய்ச் சேரணும். நல்லா வேலை செஞ்சாலே இதுதான் கணக்கு. அதுல கூட்டம், தண்ணி மேல வெயில் பளபளப்பு, வேவ் பூல்ல மிதக்கிற ட்யூபுங்க அடியில என்ன நடக்குதுன்னே மறைக்கும். லைஃப்கார்டு இருக்காருல்லன்னு போன நோண்டிட்டு உக்காந்திருக்கிற பெத்தவங்கள பார்த்தா இன்னைக்கும் எனக்கு வயித்தக் கலக்கும்.

இன்னொண்ணு, நீச்சல் டிரஸ் கலர். நீலம், வெள்ளை, வெளிர் சாம்பல் வேண்டவே வேண்டாம், தண்ணிக்கு அடியில போனா ஆளே காணாம போயிடுவாங்க. கண்ணக் குத்துற ஆரஞ்சு, பளீர் பச்சை, அடர் பிங்க், இதுல ஏதாவது எடுங்க, அழகு பார்க்காதீங்க. காட்டன் டீ ஷர்ட் தண்ணி குடிச்சு கனமாகும், ஸ்லைடுலயும் இழுக்கும், அதனால நைலான் மாதிரி துணிதான் விடுவாங்க. ஜீன்ஸ் விடாததுக்குக் காரணம் ஜிப்பும் பட்டனும், அது ஸ்லைடோட ஃபைபர் மேல கோடு போட்டுச்சுன்னா பின்னாடி வர்றவங்க முதுகுல கோடு விழும்.

கடைக்குட்டி_அம்மா:

ரொம்ப நன்றிங்க, படிக்கும்போதே கை ட்யூப எடுத்து பரண்ல போட்டுட்டேன். அப்போ வேவ் பூலே வேண்டாமா? பெரியவன் அதுக்காகத்தான் உயிர விட்டுட்டு இருக்கான், நீச்சல் கிளாஸ் ஒரு மாசம் போயிருக்கான், ஓரளவுக்கு மிதப்பான்.

முன்னாள்_விசில்:

வேண்டாம்னு இல்ல. அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா எங்க நிக்கணும்னு தானா புரியும். ஆழமான பக்கம் சுவத்துக்குப் பின்னாடி அறை அறையா இருக்கும், நிறைய இடத்துல ஃபேன் வச்சு அதுக்குள்ள காத்த அழுத்தி விட்டு விட்டு தண்ணியத் தள்ளுவாங்க, அதுதான் அலை. ஆழத்துல உசரமா வர்றது, தரை மேல ஏற ஏற உடைஞ்சு நுரையா கரைக்கு வரும். அலை கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் நிறுத்துவாங்க, திரும்ப சைரனோ மணியோ அடிச்சிட்டுத்தான் ஆரம்பிப்பாங்க. சின்னவளுக்கு அலை நின்ன நேரம், அவ முழங்கால் அளவு தண்ணி, நீங்க கையப் புடிச்சிட்டு. சைரன் அடிச்சா தூக்கிட்டு கரைக்கு வந்துடுங்க, அலை போகும்போது பின்னாடி இழுக்கிற இழுப்பு பெரியவங்க காலுக்கு ஒண்ணும் தெரியாது, 4 வயசை அப்படியே வாரிட்டுப் போகும்.

பெரியவன் இடுப்பளவுல நிக்கட்டும், கூட அப்பா நிக்கட்டும். ஒரு மாசம் கிளாஸ்ல அமைதியான தண்ணில மிதந்தது வேற, மூச்சு எடுக்கிறதுக்குள்ள மூஞ்சில அடுத்த அலை அடிக்கிறது வேற. சுவத்து ஓரம், கம்பி கிராதி பக்கம் போய்த் தொங்க வேண்டாம்னு சொல்லி வைங்க.

குளோரின்_ஆளு:

தண்ணி சுத்தமான்னு கேட்டீங்கல்ல, இது என் பொழப்பு. நீச்சல் குளம் தண்ணி சுத்திகரிக்கிற வேலைதான் பார்க்குறேன், ஹோட்டல், கிளப், எப்பவாச்சும் வாட்டர் பார்க்கும்.

எல்லாரும் தப்பா நினைக்கிற ஒண்ணு. உள்ள நுழையும்போதே மூக்கத் துளைக்கிற மாதிரி குளோரின் வாடை அடிச்சா, ஆஹா நல்லா மருந்து போட்டிருக்காங்கன்னு சந்தோஷப்படுவாங்க. அது தலைகீழ். குளோரின் வேர்வை, மூத்திரம், மேல தடவின க்ரீம் இதோட எல்லாம் சேர்ந்து குளோரமைன்னு ஒண்ணா மாறும், வாடையும் கண் எரிச்சலும் அதால வருது. கிருமியக் கொல்லுறதுக்கு மிச்சமிருக்கிற ஃப்ரீ குளோரின் நல்லா இருக்கிற தண்ணிக்கு அவ்வளவா வாடையே இருக்காது. ஃப்ரீ குளோரின் கொறஞ்சது 1 பிபிஎம் (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்), பிஹெச், அதாவது தண்ணியோட அமில கார அளவு, 7ல இருந்து 7.8க்குள்ள, இதுதான் பொதுவா பார்க்கிற அளவு. நிறைய பார்க்குல இத போர்டுல எழுதி வைப்பாங்க, நேரம் போட்டு. இல்லாட்டி கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல, கேட்டா முழிக்கிற இடத்துல இறங்காதீங்க. ஒரு கருவியும் இல்லாம பார்க்கிற டெஸ்ட் வேணும்னா, குளத்தோட ஆழமான இடத்துல அடித்தரை தெளிவாத் தெரியணும், தண்ணி வெளிய போற டிரெயின் மூடி கண்ணுக்குத் தெரியணும். பால் கலந்த மாதிரி மங்கலா இருந்தா திரும்பி நடந்துடுங்க. அது அழுக்கு விஷயம் மட்டும் இல்ல, அடியில ஒருத்தர் கிடந்தாலும் அந்தத் தண்ணில தெரியாது.

சரியான அளவுல குளோரின் இருந்தா ஈ.கோலை மாதிரி பாக்டீரியா ஒரு நிமிஷத்துக்குள்ள செத்துடும். ஆனா கிரிப்டோன்னு ஒரு கிருமி இருக்கு, முழுப் பேரு கிரிப்டோஸ்போரிடியம், கெட்டி ஓட்டுக்குள்ள உக்காந்திருக்கிற வகை, அது குளோரின் தண்ணிலயே ஒரு வாரத்துக்கு மேல கூட உயிரோட இருக்கும். வயித்துப்போக்கு இருக்கிற ஒரே ஒரு குழந்தை இறங்கினா போதும், அந்தத் தண்ணிய ஒரு வாய் முழுங்கினவனுக்கும் வயித்துப்போக்கு வரலாம். அதனால உங்க வீட்டுல யாருக்காவது வயிறு சரியில்லன்னா அந்த வட்டம் போட்ட தேதிய மாத்துங்க, அழுதாலும் பரவால்ல. தண்ணிய வாயில கொப்புளிச்சுத் துப்புற விளையாட்டு வேண்டவே வேண்டாம். சின்னவள ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ பாத்ரூம் கூட்டிட்டுப் போங்க. உள்ள இறங்குறதுக்கு முன்னாடி ஷவர்ல ஒரு நிமிஷம் நின்னு குளிச்சிட்டு இறங்குங்க, மேல இருக்கிற வேர்வை க்ரீம் பாதி அதுலயே போயிடும், குளோரின் தன் வேலையப் பார்க்கும். யாரும் செய்ய மாட்டாங்க, நானும் சொல்லிட்டேதான் இருக்கேன்.

லென்ஸ் வேண்டாம் மேடம். அகாந்தமீபான்னு ஒரு கிருமி லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவுல மாட்டிக்கும், அடிக்கடி வர்றது இல்லதான், வந்துச்சுன்னா மாசக்கணக்குல வைத்தியம், பார்வையே போன கேஸும் உண்டு. பவர் போட்ட நீச்சல் கண்ணாடி ரெடிமேடாவே கிடைக்குது, ரெண்டு கண்ணுக்கும் பவர் கிட்டத்தட்ட ஒண்ணுன்னா அதுவே போதும். இல்ல, பழைய கண்ணாடிய தலைக்குப் பின்னாடி பட்டை போட்டு இறுக்கிட்டு தண்ணி ஓரமா நில்லுங்க.

சொல்ல வந்ததுல ஒண்ணு விட்டுப்போச்சு, வேவ் பூல் புதுசுன்னு நினைக்கிறவங்களுக்கு: ஜெர்மனில டிரெஸ்டன் பக்கத்துல ராடபோயில்ங்கிற ஊர்ல 1912லயே மெஷின் வச்சு அலை கிளப்புற குளம் கட்டிட்டாங்க. நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் ஷவர்ல குளிச்சிட்டு இறங்கத்தான் நமக்கு இன்னும் வரல.

பின்சீட்டு_பிரியன்:

எல்லாரும் தண்ணியப் பத்தியே பேசுறீங்க, காஞ்ச பக்கத்துக்கு நான் வரேன். ரோலர் கோஸ்டர் பைத்தியம் நான், வீட்டுல கல்யாணம் பண்ணிக்கோன்னு சொன்னா கூட அடுத்த ட்ராக் எங்க திறக்குறாங்கன்னு பார்த்துட்டு இருப்பேன்.

அக்கா, கிளம்புறதுக்கு முன்னாடியே வீட்டுச் சுவத்துல ரெண்டு பசங்களோட உசரத்தையும் அளந்துடுங்க, செருப்பு இல்லாம. அப்புறம் பார்க்கோட வெப்சைட்டுல ஒவ்வொரு ரைடுக்கும் எவ்ளோ உசரம்னு பார்த்து, இது உனக்கு கிடைக்கும் இது கிடைக்காதுன்னு வீட்டுலயே பேசி முடிச்சுடுங்க. பெரிய ரைடுங்களுக்கு 120 செ.மீ. பக்கம் கேப்பாங்க, 9 வயசுப் பையன் சில சமயம் அதுக்கு ஒரு விரல்கடை கம்மியா நிப்பான், அத வீட்டுல தெரிஞ்சுக்கிறதுக்கும் முக்கால் மணி நேரம் க்யூல நின்னு முன்னாடி போன அப்புறம் அளவுகோல் பக்கத்துல தெரிஞ்சுக்கிறதுக்கும் இருக்கிற வித்தியாசம் இருக்கே, அந்த அழுகைய நான் க்யூல நின்னு கேட்டிருக்கேன், அய்யோ. அதுக்காக தடிமன் ஷூ போட்டு ஏத்தி விடுற அப்பாக்களையும் பார்த்திருக்கேன், அத மட்டும் செய்யாதீங்க. உசரம் கேக்குறது தைரியம் இருக்கான்னு பார்க்க இல்ல, சீட்டுல நம்மள புடிச்சு வைக்கிற அந்தக் கம்பி தொடை மேலயும் தோள்பட்டை மேலயும் சரியா வந்து உக்காருதான்னு பார்க்க. கம்மி உசரத்துக்கு நடுவுல இடைவெளி விழும், வண்டி மேட்டுல ஏறி இறங்கும்போது உடம்பு சீட்ட விட்டு மேல எழும்பும், அப்போ அந்த இடைவெளிதான் எமன்.

லூப், அதாவது ஆளத் தலைகீழாக்கி ஒரு சுத்து சுத்துற வளையம், இருக்கிற ரைடப் பார்த்து மாமியார் பயப்படுவாங்க, இத சொல்லுங்க. அமெரிக்கால நியூயார்க்கோட கோனி ஐலண்டுல 1895ல ஒரு லூப் ரைடு போட்டாங்க, முழு வட்டமா, உள்ள நுழையும்போது கழுத்து முறியிற அளவுக்கு வேகமா அழுத்தம், ரொம்ப நாள் ஓடல. இப்போ இருக்கிற லூப நல்லா கவனிச்சுப் பாருங்க, வட்டமா இருக்காது, தலைகீழா கவுத்த நீர்த்துளி மாதிரி இருக்கும், மேல வளைவு இறுக்கமா, கீழ வளைவு விரிவா, அழுத்தம் திடீர்னு ஏறாம மெதுவா ஏறுறதுக்குத்தான் அந்த வடிவம். 1976ல கலிஃபோர்னியால வந்த ரெவல்யூஷன் ரைடுலதான் அத ஒழுங்கா செஞ்சு காட்டினாங்க. ட்ராக்குக்கு மேல, பக்கவாட்டுல, அடியில மூணு பக்கமும் சக்கரம் புடிச்சிருக்கும், கழண்டு பறந்துடுமோன்னு பயம் வேண்டாம்.

ஆனா மாமியார் ஏற வேண்டாம், பிபி இருக்கிறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க, கழுத்து முதுகு பிரச்சனை, சமீபத்துல ஆபரேஷன், இவங்க யாருக்குமே அது இல்ல. பெரியவனுக்கு வாந்தி வர்ற உடம்புன்னா நடு சீட்டு, கண்ண மூடாம தூரத்துல அசையாம இருக்கிற எதையாவது பார்க்கச் சொல்லுங்க. சுத்துற கப், சுத்துற நாற்காலிய சாப்பிட்ட உடனே ஏறாதீங்க, கோஸ்டரத் தாங்குறவன் கூட கப்புல கவுந்துடுவான். எனக்கு எப்பவும் கடைசி சீட்டுதான், முன் பெட்டி சரிவுல இறங்க ஆரம்பிச்ச அப்புறம் உச்சில இருக்கிற நம்மள வெடுக்குனு இழுத்துட்டுப் போகும் பாருங்க, அந்த ஒரு நொடிக்காகத்தான் வாழ்க்கை. தொப்பி, போன், சாவி எல்லாம் லாக்கர்ல.

நாலுமணி_கட்சி:

முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலையே. என் ஓட்டு: காலைல ரைடு, சாயங்காலம் நாலு மணிக்கு மேல தண்ணி. காலைல ரைடு பக்கம் க்யூ இருக்காது, ட்ரெஸ் நனையாது. தண்ணில ஊறிட்டு ஈரத் துணியோட ரைடு க்யூல நின்னா தொடை உராஞ்சு நடக்கவே முடியாது, அனுபவம்.

குளோரின்_ஆளு:

நாலு மணிக்கு அந்தத் தண்ணி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் சார், அதனால நான் காலைக் கட்சி. வெயிலே குளோரினத் தின்னும், கூட்டம் மிச்சத்தத் தின்னும். விடுமுறை நாள் சாயங்காலம் பம்பும் ஃபில்டரும் மூச்சு வாங்கிட்டுதான் ஓடும். காலைல கேட் திறந்த முதல் ரெண்டு மணி நேரத் தண்ணிதான் தண்ணி.

நாலுமணி_கட்சி:

ஒழுங்கா நடத்துற பார்க்குல சாயங்காலமும் அளவு பார்த்து மருந்து விடுவாங்கல்ல, நீங்கதானே விடுறீங்க?

குளோரின்_ஆளு:

விடுவோம். அதுக்காக குழந்தைய எப்ப இறக்கணும்னு என்னக் கேட்டா காலைலதான்னு சொல்லுவேன்.

முன்னாள்_விசில்:

ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க, ரெண்டுமே சரி. சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு நான் சொல்றது: கேட் திறக்கும்போதே உள்ள இருங்க, வார நாளாப் பார்த்து. முதல்ல தண்ணி, 11 மணி 11.30 வரைக்கும். அப்புறம் நல்லா குளிச்சு காஞ்ச துணி மாத்தி, கூட்டம் வர்றதுக்கு முன்னாடியே சாப்பாடு. 12ல இருந்து 3.30 வரைக்கும் வெயில்ல எதுவும் கிடையாது, நிழல், ஏசி ஹால், உள்ளுக்குள்ள நடக்கிற ஷோ, சின்னவ தூங்கட்டும். வெயில் சாஞ்ச அப்புறம் ரைடு. பெரிய பசங்க மட்டும்னா நாலுமணி சார் சொல்றது சரி வரும்.

வெயில் பத்தி ஏன் இவ்ளோ சொல்றேன்னா தண்ணில இருக்கும்போது சூடே தெரியாது. வெயில்ல இருக்கிற யூவி கதிர் தண்ணிக்குள்ள இறங்கிட்டேதான் இருக்கும், தரைல பட்டும் திரும்பி வரும், உடம்பும் வேர்த்துட்டேதான் இருக்கும், ஆனா தண்ணி கழுவிட்டுப் போறதால வேர்க்குறதே தெரியாது. சன்ஸ்க்ரீன் எஸ்பிஎஃப் 30க்கு மேல, தண்ணில இறங்குறதுக்கு 15 நிமிஷம் முன்னாடி, அப்புறம் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ. வாட்டர் ரெசிஸ்டன்ட்னு போட்டிருந்தா பக்கத்துலயே 40 நிமிஷமா 80 நிமிஷமான்னு போட்டிருக்கும், தண்ணில அவ்ளோ நேரம்தான் தாங்கும். எஸ்பிஎஃப் 100 தேடி அலைய வேண்டாம், 30 தடுக்கிறது 97 சதவீதம், 50 தடுக்கிறது 98, தடவுற அளவுலதான் விஷயம். அதவிட நல்லது முழுக்கை நீச்சல் சட்டை, ஒரு தடவ மாட்டினா மறக்கிற வேலையே இல்ல. குளிச்சிட்டு இறங்கணும்னு குளோரின் சார் சொன்னாரு, க்ரீம் தடவணும்னு நான் சொல்றேன், ரெண்டும் இடிக்குதேன்னு கேப்பீங்க, குளிச்சிட்டுத் தடவுங்க, தடவி 15 நிமிஷம் உக்காருங்க, அந்த நேரத்துல லாக்கர் வேலைய முடிங்க.

மாமியாருக்கு: பிபி மாத்திரைல சிலது நீர் பிரியிற வகை, வெயில்ல உடம்பு சீக்கிரம் காஞ்சுடும். மாத்திரைய நிறுத்தக் கூடாது, போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. யாருக்காவது தலை சுத்தி குமட்டினா நிழல், தண்ணி, ஓஆர்எஸ். ஆனா பேச்சு குழறி, நடை தள்ளாடி, உடம்பு கொதிச்சா அது வேற, அது ஹீட் ஸ்ட்ரோக். ஒரு பக்கம் ஆம்புலன்ஸுக்கு சொல்லிட்டே இன்னொரு பக்கம் தண்ணிய ஊத்தி விசிறி உடம்ப குளிர வைக்க ஆரம்பிச்சுடணும், காத்திருக்கக் கூடாது.

ரெண்டு_சட்டைக்காரன்:

இதுல ஒரு அப்பாவா நானும் ஒண்ணு சொல்லிக்கிறேன், சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. மூணு வருஷம் முன்னாடி ஒரு பார்க்குல என் பொண்ண 11 நிமிஷம் தொலைச்சேன். அவ என்கிட்ட இருக்கான்னு வீட்டுக்காரம்மா நினைச்சாங்க, அவங்ககிட்ட இருக்கான்னு நான் நினைச்சேன், ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நல்லா ரிலாக்ஸா நின்னுட்டு இருந்தோம். தேடும்போது நான் முதல்ல ஓடினது ஐஸ்க்ரீம் கடைக்கு, டாய்லெட்டுக்கு, மெயின் கேட்டுக்கு. ஒரு லைஃப்கார்டு பையன் என் தோளப் புடிச்சு நிறுத்தி, சார் முதல்ல தண்ணியப் பார்க்கணும் சார், கேட்ட அப்புறம் பார்த்துக்கலாம்னு சொன்னான். அவனுக்கு 20 வயசு கூட இருக்காது. அந்த நிமிஷம் என் கால் நடுங்கின நடுக்கம் இப்பவும் ஞாபகம் இருக்கு. அவ பக்கத்துக் குட்டிக் குளத்துல வேற ஒரு குடும்பத்தோட மணல் வீடு கட்டிட்டு இருந்தா, நல்லாத்தான் இருந்தா.

அதுல இருந்து எங்க வீட்டுல ஒரு ஏற்பாடு. பாப்பாவப் பார்க்கிறவங்க கையில ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட் இருக்கும். அது யார் கைல இருக்கோ அவங்களுக்கு போன் கிடையாது, ஸ்லைடு கிடையாது, வேற பேச்சு கிடையாது. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவ கைமாத்துவோம், மாத்தும்போது வாயத் திறந்து, இப்ப உன்கிட்டன்னு சொல்லித்தான் மாத்தணும். சிரிப்பா இருக்கும், செய்ங்க. உள்ள நுழைஞ்ச உடனே பசங்கள அன்னைக்குப் போட்டிருக்கிற டிரஸ்ஸோட ஒரு போட்டோ எடுங்க, ஏன்னா தொலைஞ்ச நிமிஷத்துல என்ன கலர் சட்டைன்னு கேட்டா வாய் வராது, எனக்கு வரல. கையில நம்ம போன் நம்பர அழியாத மார்க்கர்ல எழுதுங்க.

அப்புறம் கல்யாண மோதிரத்த வீட்டுல வச்சுட்டுப் போங்க, தண்ணில ஊறி குளிர்ந்தா விரல் சுருங்கும், மோதிரம் போனதே தெரியாது. இதுவும் அனுபவம்தான், வேற தடவ. எனக்கு ஏன் இப்படியே நடக்குதுன்னு கேக்காதீங்க.

தண்ணிப்பாம்பு:

ரெண்டு_சட்டை அண்ணே, நீங்க இனிமே வீட்டு பக்கெட்டுலயே குளிச்சுக்கோங்க. சீரியஸா ஒண்ணு நானும் சொல்றேன், போனுக்கு வாங்குற அந்த பிளாஸ்டிக் பை, வாங்கின உடனே போன போடாதீங்க, உள்ள ஒரு டிஷ்யூ பேப்பர வச்சு பக்கெட்டுல கல்லுக்கு அடியில அரை மணி நேரம் அமுக்கி வச்சு எடுத்துப் பாருங்க. டிஷ்யூ காஞ்சிருந்தா போன். வாட்டர்ப்ரூஃப் போன்தானேன்னு நினைச்சா, போன்ல போட்டிருக்கிற ஐபி67ங்கிற தண்ணி தாங்குற அளவு 1 மீட்டர் நல்ல தண்ணில அசையாம அரை மணி நேரம், ஸ்லைடுல இருந்து குளோரின் தண்ணில போய்ப் பொத்துனு விழுற கணக்கு அதுல இல்ல.

கடைக்குட்டி_அம்மா:

ஒரு வாரம் கழிச்சு வந்து சொல்றேன், எல்லாருக்கும் பெரிய நன்றி. புதன்கிழமை போனோம். ஒன்பதரைக்கெல்லாம் கேட்டுல நின்னோம்.

மேப் வந்துச்சு, அவரும் வந்தாரு. ஆனா வீட்டுலயே உக்காந்து உங்க பதில எல்லாம் அவருக்குப் படிச்சுக் காட்டினேன், கழுத்து முறியிற லூப் கதை அவருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு, அங்க போய் க்யூல முன்னாடி நின்னவங்களுக்கெல்லாம் சொல்லிட்டு இருந்தாரு, அவங்க ஏன் எங்களையே திரும்பித் திரும்பிப் பார்த்தாங்கன்னு இப்பத்தான் புரியுது. 34 ரைடுல நாங்க ஏறினது 9. மூணு மணிக்கு மேப்ப மடிச்சு விசிறியா வச்சு அம்மாவுக்கு விசிறிட்டு உக்காந்திருந்தார் பாருங்க, அந்த போட்டோதான் இப்போ வீட்டு குரூப்புல ஓடிட்டு இருக்கு.

பெரியவன் 118 செ.மீ. வீட்டுலயே அழுது முடிச்சுட்டான், அங்க போய் ஒரு சத்தம் இல்ல, அந்த ரைடத் தாண்டும்போது மட்டும் அண்ணாந்து பார்த்துட்டே நடந்தான், எனக்குத்தான் மனசு கேக்கல. வேவ் பூல்ல அப்பாவோட இடுப்பளவுல நின்னான், முதல் அலைக்கே மூக்குல தண்ணி ஏறி ஓடி வந்துட்டான், கிளாஸ்ல இப்படி இல்லம்மான்னு. அப்புறம் பழகிட்டான். ரப்பர் பேண்ட் எங்க வீட்டுல கிடைக்கல, அவரோட பழைய சிவப்பு வாட்ச் பட்டைய வச்சுக்கிட்டோம், அத மாமியார் கைல குடுத்த நேரம் அவங்க சின்னவ பக்கத்துல இருந்து ஒரு இஞ்ச் நகரல, நான் வாங்க வந்தா கூட, இன்னும் 20 நிமிஷம் ஆகலன்னு குடுக்க மாட்டேன்னுட்டாங்க.

குளோரின் சார், போர்டு இருந்துச்சு, நேரம் போட்டு எழுதியிருந்தாங்க, 1.5ம் 7.4ம். எல்லாரையும் ஷவர்ல நிக்க வச்சுத்தான் இறக்கினேன், எங்கள மட்டும்தான் எல்லாரும் வேடிக்கை பார்த்தாங்க. ராத்திரி படுக்கும்போது சின்னவகிட்ட உனக்கு எதுடி ரொம்பப் பிடிச்சுதுன்னு கேட்டேன். உள்ள போறதுக்கு முன்னாடி குளிச்ச ஷவராம். அதுக்குத்தான் திரும்பப் போகணுமாம்.

குளோரின்_ஆளு:

15 வருஷ சர்வீஸ்ல எனக்குக் கிடைச்ச முதல் ரசிகை மேடம் அவ.